எங்கே ஓடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். சிங்கப்பூருக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மாதத் தவணை, ஊருக்குப் பணம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச காலமாகத் தூக்கம் போய்விட்டது. இரவில் போனை எடுத்தால் அண்டார்க்டிகா பனி உருகுவது, அட்லாண்டிக் நீரோட்டம் நிற்கப்போவது என்று விடிய விடியப் படிக்கிறேன். 2022-ல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த வருஷம் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. சாப்பாட்டில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர் இது. ஒருநாள் எல்லாக் கப்பலும் நின்றுவிட்டால்? இந்த நூற்றாண்டுக்குள் மனிதச் சமூகமே சரிந்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்களே எழுதுகிறார்கள்.

மனைவி குழந்தை வேண்டும் என்கிறார். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். உண்மைக் காரணத்தை அவரிடம் சொன்னதில்லை. ஊரில் இரண்டு ஏக்கர் வாங்கி, போர் போட்டு, அங்கேயே போய்விடலாமா என்று தோன்றுகிறது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு என்று சொல்லும்போதே, இதெல்லாம் எதற்கு என்று மனசு விட்டுப்போகிறது. எதைப் பிடித்துக்கொண்டு இனி வாழ்வது, அக்கா?

(வாசகர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள தம்பி,

முதலில் தூக்கம். மாதக்கணக்கில் தூங்காத உடம்புக்கு எந்தச் செய்தியும் கடைசிச் செய்தியாகத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

உங்கள் பயத்தை நான் மறுக்கப்போவதில்லை. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போனது. ஒரு முழு ஆண்டு அந்தக் கோட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நம் தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 விழுக்காடு, கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. கடலைத் தடுக்க நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளிகூட ஆகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னார். கிழக்குக் கடற்கரைக்கு எதிரே 800 ஹெக்டர் அளவில் லாங் ஐலண்ட் என்ற புது நிலத்தை உருவாக்கத் திட்டமிடுவதற்கும் கடல் ஏறுவது ஒரு முக்கியக் காரணம். அரசாங்கமே நூறு ஆண்டுக் கணக்கில் அஞ்சும் ஒன்றைப் பார்த்து நீங்கள் அஞ்சுவதில் தப்பில்லை.

ஆனால் அதே விஞ்ஞானத்தை முழுசாகப் படியுங்கள். 2024 தொடக்கத்தில் வந்த மூன்றாவது தேசியப் பருவநிலை மாற்ற ஆய்வு, இந்த நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை 0.6 டிகிரியிலிருந்து 5 டிகிரி வரை உயரக்கூடும் என்கிறது. 0.6 எங்கே, 5 எங்கே? இவ்வளவு அகலமான இடைவெளிக்குப் பெரிய காரணம், மனிதர்கள் இனி எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதுதான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்னால் உலகம் 4 டிகிரியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகக் கணக்கிட்டார்கள். இப்போதுள்ள கொள்கைகளின்படி அது 3 டிகிரியை ஒட்டி வந்திருக்கிறது. 3 டிகிரியும் கொடுமைதான். ஆனாலும் குறைந்த அந்த ஒரு டிகிரி தானாகக் குறையவில்லை. எத்தனையோ பேர் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் தெருவிலும் சலிக்காமல் தள்ளியதால் குறைந்தது. எல்லாம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் உண்டு.

இன்னொன்றும் அவர்கள் செய்கிறார்கள். சரிவு என்பதை உலகத்துக்கே பொதுவாக வரப்போகும் ஒரு நாளாக எழுதுகிறார்கள். உங்கள் ஊருக்கு அந்த நாள் 2018 நவம்பர் 16-லேயே வந்துவிட்டதே, தம்பி. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அந்த இரவில், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. தென்னையை நம்பிப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். புதிதாக நட்ட நாட்டுக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை எதைச் சாப்பிடுவது? கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி விமானம் ஏறினவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) நின்று நாலு பேரிடம் பேச்சுக்கொடுத்தால் போதும்.

அதனால்தான் அந்த இரண்டு ஏக்கர் யோசனையை விட்டுவிடச் சொல்கிறேன். ஊர்மேல் இருக்கும் ஆசையில் வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். தப்பிக்கும் இடம் என்று நினைத்து வாங்காதீர்கள். காவிரிக் கடைமடை அது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம். கடலோரமாக நிலத்தடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. பருவநிலை நெருக்கடியிலிருந்து ஓட ஒளிவிடம் தேடுகிற பணக்காரர்களின் புத்தியை நாம் கடன் வாங்க வேண்டாம். உங்கள் ஊரில் இருந்தவர்களே இங்கே ஓடிவந்திருக்கிறார்கள்.

சின்னத் தீவு, நாம் என்ன செய்தால் என்ன என்று தோன்றலாம். உலகம் வெளியிடும் கரிமத்தில் சிங்கப்பூரின் பங்கு ஏறக்குறைய 0.1 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு ஓய்ந்து உட்காருவதை நான் ஏற்கமாட்டேன். உலகத்திலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது. இங்கே நிரப்பிப் போகும் எண்ணெய் நடுக்கடலில் எரியும்போது வரும் புகை அந்த 0.1-ல் இல்லை. அனைத்துலகக் கப்பல் போக்குவரத்தை எந்த நாட்டின் கணக்கிலும் சேர்ப்பதில்லை. ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வெளியே விற்கும் எண்ணெய் எரியும் புகையும் வாங்கி எரிக்கிற நாட்டின் கணக்கில்தான் சேரும், நம் கணக்கில் வராது. நம் கை அந்த எண் காட்டுவதைவிட நீளம். அப்படியென்றால் நாம் செய்யக்கூடியதும் அதிகம்.

செய்ய முடியுமா என்றால், செக் ஜாவாவை நினைக்கிறேன். புலாவ் உபினின் கிழக்கு முனை அது. கடற்புல், மணல்திட்டு, அலையாத்தி எல்லாம் ஒரே இடத்தில் கூடிய கரை. அதைத் தூர்த்து நிலமாக்க முடிவாகியிருந்தது. 2001-ல் இயற்கை ஆர்வலர்கள் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கண்டு சொன்னார்கள். விஷயம் பரவியதும் சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் படகேறி, கடல் வற்றும் நேரத்தில் நடந்துபோய்ப் பார்த்தார்கள். தொண்டூழியர்கள் உயிரினங்களைப் பட்டியலிட்டார்கள். அரசாங்கத்துக்குக் கடிதங்கள் போயின. வேலை தொடங்க இருந்த நேரத்தில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இன்றும் அந்தக் கரை இருக்கிறது. தள்ளிவைத்ததுதான், நிரந்தர வாக்குறுதி இல்லை. ஆனாலும் இத்தனை வருஷமாக அங்கே அலை வந்துபோகிறது. வருகிற சனிக்கிழமை சாங்கியில் படகேறி நீங்கள் இருவரும் போய்ப் பார்க்கலாம்.

குழந்தை விஷயத்தில் நான் முடிவு சொல்லக்கூடாது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில், மரவள்ளிக்கிழங்கு தின்று, சயாம் ரயில் பாதைக்கு ஆண்களை வாரிக்கொண்டுபோன நாட்களிலும் நம் வீடுகளில் பிள்ளைகள் பிறந்தார்கள். அதை உங்களுக்கு வாதமாக வைக்கமாட்டேன். அன்றைய பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. உங்கள் மனைவியிடம் கேட்க முடியும். ஆனால் நீங்கள் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். உலகம் சரியும் என்ற பயத்தில் வீட்டுக்குள் ஒருவரைத் தனியாக விட்டிருக்கிறீர்கள். எனக்கு எழுதியதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து வேண்டும் என்று முடிவெடுத்தாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது நேர்மையான முடிவாக இருக்கும்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். இந்த நெருக்கடியில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களில், பதில் கையிலேயே இருப்பவர்கள் கொஞ்சம் பேர். நீங்கள் அதில் ஒருவர். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. நாற்பது ஆண்டுகளாக முறியாதிருந்த 1983-ன் உச்சத்தை அது தொட்டது. அந்த அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிவேலைக்கான வெப்ப விதிகளைக் கொண்டுவந்தது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி மீட்டரைப் பெரிய தளங்களில் வைத்தே ஆகவேண்டும். அது 32 டிகிரியைத் தொட்டால் கடும் உடலுழைப்புச் செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

விதி காகிதத்தில் இருக்கிறது. கான்கிரீட் லாரி வந்து நிற்கிற நேரத்தில், மீட்டர் 33 காட்டுகிறது, ஆட்களை நிழலுக்கு அனுப்பு என்று சூப்பர்வைசரிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும். ஆள் தானாகக் கேட்கமாட்டான். கடன் இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று சொன்னால் சோம்பேறி என்பார்கள் என்று நினைப்பான். அவன் பேசுகிற தமிழையே நீங்களும் பேசுகிறீர்கள். தண்ணீர் குடிக்காமல் நாள்கணக்கில் வெயிலில் உழைத்தால் சிறுநீரகம் கெடும் என்பதை, சட்டப் பலகையில் எழுதியிருப்பதுபோல் இல்லாமல், அண்ணன் சொல்வதுபோல் நீங்கள் சொல்ல முடியும்.

புயலில் தோப்பை இழந்தவன் இங்கே வந்து வெயிலில் நிற்கிறான். சரிவு என்று இரவெல்லாம் நீங்கள் தேடிப் படிப்பது, காலை ஏழரைக்கு உங்கள் முன்னால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறது.

புதிதாக வந்தவருக்கும் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவருக்கும் வேலையைக் குறைந்தது ஏழு நாளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அடுத்த வாரம் உங்கள் தளத்துக்கு யார் யார் புதிதாக வருகிறார்கள் என்ற பட்டியலை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். முதல் நாளே அவர்களை மேல்தளத்துக் கம்பி கட்டும் வேலைக்கு ஏற்ற விடாதீர்கள். யாராவது மறுத்துப் பேசினால் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பேர் போடாமல் இங்கேயே பேசலாம்.

அன்புடன்,
அக்கா