நாகசாகி: அம்மாவின் முழங்காலும் ஒரு டிராம் பாதையும்

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் அம்மாவோடு ஜப்பான் போகிறேன். ஹிரோஷிமா பார்த்துவிட்டு ஃபுகுவோகாவில் தங்குகிறோம். அங்கிருந்து நாகசாகிக்கும் போகலாம் என்று ஆசை. "அதே குண்டு, அதே மியூசியம், எதுக்கு ரெண்டு தடவை?" என்கிறார் நண்பர். அம்மாவுக்கு மூட்டுவலி. போகலாமா? ஒரு நாள் போதுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

போங்கள். ஒரு இரவாவது தங்குங்கள். ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்தில் எக்ஸ்பிரஸ் பிடித்து, டகேயோ ஓன்சென்னில் எதிர் பிளாட்பாரத்து புல்லட் ரயிலுக்கு மாறினால், மொத்தம் ஒன்றரை மணி நேரம். 2022-இல் வந்த வசதி இது.

குண்டே வேறு என்று நண்பரிடம் சொல்லுங்கள். ஹிரோஷிமாவில் யுரேனியம், நாகசாகியில் புளூட்டோனியம். ஊரும் வேறு. ஹிரோஷிமா ஆற்றுமுகத்துச் சமவெளி. நாகசாகியோ மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய துறைமுகம். குண்டு வெடித்தது வடக்கே உரகாமி பள்ளத்தாக்கின் மேல். குறுக்கே மலைகள் இருந்ததால் பழைய ஊரில் நிறைய தப்பியது.

நான் முதலில் போனது தெற்கே, ஓவுரா தேவாலயத்துக்கு. ஜப்பானில் 1614-இலிருந்தே கிறிஸ்தவம் தடை. வெளிநாட்டவருக்காகக் கட்டிய இந்தக் கோயிலுக்கு 1865 மார்ச்சில் உரகாமி கிராமத்தார் சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியாரிடம், "எங்கள் மனசும் உங்கள் மனசும் ஒன்றுதான். மரியாளின் சிலை எங்கே?" என்று மெல்லக் கேட்டார்கள். பாதிரியாரே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ரகசியமாகக் காத்த நம்பிக்கை அது. அதற்குப் பிறகும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அரசு நாடுகடத்துவதுபோல வெளியூர்களுக்கு அனுப்பியது. 1873-இல் தடை விலகித் திரும்பியவர்கள், செங்கல் செங்கலாகக் காசு சேர்த்து உரகாமியில் ஒரு பேராலயம் கட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. குண்டு வெடித்த இடத்துக்கும் அந்தப் பேராலயத்துக்கும் அரை கிலோமீட்டர்தான். அன்று முதல் இலக்கு கொகுரா என்னும் வேறு ஊர். அங்கே வானம் தெளிவாக இல்லை என்று விமானம் இங்கே திரும்பியது.

ஓவுராவைப் பார்க்காமல் உரகாமிக்குப் போனால் இந்தத் தொடர்பு பிடிபடாது. அதனால்தான் உரகாமியில் உள்ள அணுகுண்டு மியூசியத்தை இரண்டாம் நாளுக்கு வையுங்கள் என்கிறேன். அப்புறம் பக்கத்திலேயே சன்னோ என்னும் ஷின்டோ ஆலயம். கல் வளைவின் ஒரு தூண் குண்டில் போய்விட்டது, மற்றது இன்னும் ஒற்றைக்காலில் நிற்கிறது. வாசலில் கருகிப்போய் மறுபடி துளிர்த்த இரண்டு கற்பூர மரங்கள். அங்கே நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அம்மாவின் முழங்கால். இந்த ஊரில் பாதித் தெருக்கள் படிக்கட்டுகள்தான். இஷிபாஷியில் டிராமை விட்டு இறங்கினால், மலைச்சரிவில் சாய்வாக ஏறும் பொது லிஃப்ட் ஒன்று இருக்கிறது, கட்டணம் கிடையாது. அதில் மேலே போய், வெளிநாட்டு வணிகர்களின் பழைய வீடுகள் உள்ள குளோவர் தோட்டத்தின் மேல்வாசல் வழியாக நுழைந்து கீழே இறங்கி வாருங்கள். ஓவுரா தேவாலயம் கீழேயே இருக்கிறது. இது தெரியாமல் நான் கீழிருந்து ஏறி மூச்சு வாங்கினேன். அங்கிருந்து உரகாமிக்கு ஷின்ச்சி சைனாடவுனில் டிராம் மாற வேண்டும்.

மாறும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தெஜிமா. இரு நூற்றாண்டுக்கும் மேலாக டச்சு வணிகர்களை அடைத்து வைத்திருந்த விசிறி வடிவச் செயற்கைத் தீவு. இப்போது சுற்றிலும் நிலம் தூர்த்துவிட்டதால் தீவாகத் தெரியாது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஜப்பானுக்குப் போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்கே 'சந்தோமே' என்று பெயர். மயிலாப்பூர் சாந்தோம்தான்! உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கும்.

ஊர் முழுக்க காஸ்டெல்லா கேக் விற்பார்கள், போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனது. அடியில் சர்க்கரை நறநறவென்று கடிபடும். அம்மா முட்டை சாப்பிடாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அதில் முட்டை நிறைய.