ஸ்லோ பழம் பறிக்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் வேலிப் புதர்களில் கறுநீலமாகக் காய்த்திருக்கும் ஸ்லோ பழத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, வருடாவருடம் பறிப்பவள் என்ற முறையில் என் பதில்கள்.

அக்கா, நாவல்பழம் மாதிரி இருக்கே, அப்படியே சாப்பிடலாமா?
ஒன்றைக் கடித்துப் பாருங்கள், இரண்டாவதைக் கேட்க மாட்டீர்கள். நாவல்பழத் துவர்ப்பு இதற்கு முன்னால் வெல்லம். ஆனால் பழச்சதையில் நஞ்சில்லை. கொட்டையோடு மட்டும் மிக்ஸியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பருப்பு நசுங்கினால் சயனைடு வரும்.

வேறு பழத்தைப் பறித்துவிட்டால்?
கிளையில் நீள முள், பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு படலம். விரலால் தேய்த்தால் படலம் போய்க் கறுப்பு பளபளக்கும். பிளந்தால் பச்சைச் சதை, நடுவில் ஒரே கொட்டை. உள்ளே நிறைய பொடி விதை தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

உறைபனி விழுந்த பிறகுதான் பறிக்கணுமாமே?
பழைய வழக்கம். பனி தோலை வெடிக்க வைக்கும். அதை ஃப்ரீசரும் செய்யும். ஆனால் காயைப் பழமாக்க ஃப்ரீசரால் முடியாது. அமுக்கினால் விரலுக்கு இளகணும், அதுதான் கணக்கு. பனிக்காகக் காத்திருந்தால் பறவைகள் முந்திக்கொள்ளும்.

யாராவது திருட்டு என்பார்களா?
இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த காட்டுப் பழத்தை வீட்டுக்குப் பறித்தால் திருட்டல்ல. விற்கப் பறித்தால் கதை வேறு. அதற்காக அடுத்தவர் நிலத்துக்குள் வேலி தாண்டிப் போகாதீர்கள்.

முள் குத்திவிட்டது, ஊசியால் எடுத்துவிட்டேன். போதுமா?
முழுசாக வந்ததா என்று பாருங்கள். எனக்கு ஒருமுறை நுனி மட்டும் விரல் மூட்டுக்குள் நின்றுவிட்டது. மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு வீக்கம். மூட்டுப் பக்கம் வீங்கினால் டாக்டரிடம் போய்விடுங்கள். தோல் கையுறை இல்லாமல் நான் இப்போது கிளையைத் தொடுவதில்லை.

ஜின் என்ற மதுவில் இந்தப் பழத்தை ஊறப்போட என்ன அளவு?
அரை கிலோ பழம், கால் கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் ஜின். ஃப்ரீசரில் வெடித்த பழமென்றால் ஒவ்வொன்றின் தோலையும் குத்தும் வேலை மிச்சம். முதல் வாரம் தினமும் குலுக்கி, மூன்று மாதம் இருட்டில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் மது கிடையாதே?
சம அளவு சமையல் ஆப்பிளோடு வேகவைத்து, பழைய வேட்டித் துணியில் ராத்திரி முழுக்கச் சொட்டவிடுங்கள். பிழியக் கூடாது, கலங்கிவிடும். 600 மில்லி சாறுக்கு 450 கிராம் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் ஜெல்லி. ரொட்டிக்கு அருமை. தோசைக்கு ஒத்துவராது, பார்த்தாகிவிட்டது.