நாகர்கோவில் எம்.பி. தொகுதியும் கன்னியாகுமரி தொகுதியும் ஒண்ணா?

முழுசா ஒண்ணுன்னு சொல்ல முடியாது. நான் களியக்காவிளைக்காரன், எங்க வீட்ல பெரியவங்க இன்னும் நாகர்கோவில் தொகுதின்னுதான் சொல்லுவாங்க.

முதல் தேர்தல் 1952ல நடந்தப்போ நாங்க திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்தோம், அப்பவே நாகர்கோவில் தொகுதி உண்டு, தமிழ்நாட்டோட சேரணும்னு போராடுன திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் சார்பா நேசமணி ஜெயிச்சாரு. 1956 நவம்பர் 1ல நாலு தாலுகா இந்தப் பக்கம் வந்துச்சு, தொகுதியும் கூடவே வந்துடுச்சு. நேசமணி 1968ல காலமானதும் 1969 இடைத்தேர்தல்ல நின்னது யாருன்னா காமராஜர்! 1967ல சொந்த ஊரு விருதுநகர்ல தோத்த மனுஷனை எங்க ஜனங்க டெல்லிக்கு அனுப்புனாங்க, 1971லயும் அவருதான், அத நெனச்சா எனக்கு இன்னும் பெருமையா இருக்கு. அப்புறம் 1977ல குமரி அனந்தன், 1980லேர்ந்து டென்னிஸ் ஆறு தடவை, 1999ல பொன்.ராதாகிருஷ்ணன், 2004ல மார்க்சிஸ்ட் பெல்லார்மின்.

நெறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்துல முக்கடல் சேருற கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி நாகர்கோவில்ல கெடையாது, திருச்செந்தூர் எம்.பி.க்குத்தான் ஓட்டு போட்டாங்க, ஒரே மாவட்டம் ஆனா ரெண்டு எம்.பி.! 2008 மறுசீரமைப்புல திருவட்டார் சட்டமன்றத் தொகுதிய எடுத்துட்டு கன்னியாகுமரிய உள்ள சேர்த்தாங்க, பேரும் மாறுச்சு. இப்போ கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் ஆறும் ஒரே தொகுதி, 2009லதான் இந்தப் பேர்ல முதல் எம்.பி. தேர்தல், ஹெலன் டேவிட்சன் ஜெயிச்சாங்க.