சீ கிளவுட்: போருக்குப் போன பாய்மரக் கப்பல் (கேள்வி பதில்)

கே: சீ கிளவுட் யாருடைய கப்பல்?
ப: அமெரிக்கக் கோடீஸ்வரி மார்ஜரி மெரிவெதர் போஸ்ட்டுக்காக 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டியது. நான்கு பாய்மரம், உள்ளே சலவைக்கல் இழைத்த அறைகள். இரண்டாம் உலகப் போருக்காக 1942இல் ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு அமெரிக்க அரசிடம் போனது. பாய்மரங்களைக் கழற்றிச் சாம்பல் வண்ணம் பூசி ஆயுதம் ஏற்றினார்கள்.

கே: பாய் விரித்தபடி ரோந்து போகும் படம் பார்த்தேனே?
ப: அது போர்க்காலப் படம் இல்லை. அப்போது டீசல் எஞ்சின் மட்டும்தான். பாயோடு இருக்கும் படத்தில் 1943 என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்.

கே: பீரங்கி இருந்ததா?
ப: இருந்தது. ஆனால் அதன் முக்கிய வேலை வட அட்லாண்டிக்கில் நின்று காற்று, அழுத்தம் பார்த்து ரேடியோவில் சொல்வது. அங்கே வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். ஐரோப்பாவில் சண்டை போடுகிறவனுக்கு அந்தத் தகவல் உயிர்.

கே: படையில் இனப்பிரிவினை இருந்த அந்தக் காலத்தில், இந்தக் கப்பலில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து வேலை பார்த்தது உண்மையா?
ப: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடலோரக் காவல்படை அதிகாரி கார்ல்டன் ஸ்கின்னர் முன்பு நார்த்லேண்ட் கப்பலில் இருந்தார். அங்கே எஞ்சின் வேலையில் கைதேர்ந்த ஒரு கறுப்பின ஊழியர், உணவு பரிமாறும் பிரிவில் இருந்ததால் மெக்கானிக் பதவிக்குப் போக முதலில் அனுமதி கிடைக்கவில்லை. அது ஸ்கின்னரை உறுத்தியது. சீ கிளவுட் அவர் கைக்கு வந்ததும் ஐம்பது பேர் வரை கறுப்பின மாலுமிகள் சேர்ந்தார்கள், அதிகாரிகளும் உண்டு. உணவும் உறக்கமும் ஒரே இடத்தில். ஓவியர் ஜேக்கப் லாரன்ஸும் அந்தக் கப்பலில் இருந்தவர். விளம்பரம் வேண்டாம், தனிச்சலுகையும் வேண்டாம் என்றார் ஸ்கின்னர். கப்பற்படை நடத்திய ஆய்வுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை.

கே: ஆள் பற்றாக்குறையால் செய்ததைச் சமத்துவம் என்கிறீர்கள். படைகளில் இனப்பாகுபாடு கூடாது என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1948இல் போட்ட ஆணைதானே தொடக்கம்?
ப: ஒப்புக்கொள்ள மாட்டேன். பற்றாக்குறை இருந்தது, சரி. பயிற்சி முடித்த கறுப்பின மாலுமிகள் கரையிலேயே தேங்கிக் கிடந்தார்கள். அவர்களைத் தனிக் கப்பலில் ஏற்றியும் அந்தக் குறையைத் தீர்த்திருக்கலாமே! கலந்து வைப்பது என்பது ஸ்கின்னர் எடுத்த முடிவு. ஆணை வருவதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பே கடலில் நடந்த வேலை இது.

கே: இருந்தாலும் ஒரே ஒரு கப்பல்தானே?
ப: ஒன்றுதான். "கலந்தால் கப்பல் ஓடாது" என்ற வாதத்தைப் பொய்யாக்க ஒன்று போதும்.




கே: பிறகு கப்பல் என்ன ஆனது?
ப: 1944 நவம்பரில் உரிமையாளரிடம் திரும்பியது, பாய்மரங்களை மறுபடி நட்டார்கள். 1955இல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ரூஹியோவிடம் போனது. 1979 முதல் பயணிகள் கப்பல். நீங்கள் பார்க்கும் பாய் விரித்த வண்ணப்படங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தவை.

கே: ஸ்கின்னர் அட்மிரல் ஆனாரா?
ப: இல்லை. 1949இல், பசிபிக் கடலில் அமெரிக்காவின் கீழ் உள்ள குவாம் தீவின் முதல் சிவிலியன் ஆளுநர் ஆனார்.