பழைய ரயில் தடம்: நிலம் யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஓடிய ரயில் நின்று, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அங்கே நடைபாதையும் சைக்கிள் பாதையும் வரப்போகிறதாம். ரயில் நின்றால் நிலம் நமக்கே திரும்பிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: அந்தக் காலத்து நில உரிமையாளர் ரயில் கம்பெனிக்கு என்ன எழுதிக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. உங்கள் கிரயப் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. கம்பெனி வாங்கிய மூலப்பத்திரம் வேண்டும். அது கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவு அலுவலகத்தில் இருக்கும். கம்பெனிகள் பெயர் மாறி, கைமாறி வந்திருப்பதால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரித்த ரயில்வே மதிப்பீட்டு வரைபடங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு துண்டு நிலமும் யாரிடமிருந்து, எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது என்ற விவரம் அவற்றோடு இருக்கும். கவுண்டியின் வரி வரைபடத்தில் அந்த நிலம் ரயில்வே பெயரில் இருந்தால் பயப்பட வேண்டாம், அது உரிமைக்குச் சாட்சி ஆகாது.

நிலத்தையே விற்றதாகப் பத்திரம் சொன்னால் உங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை. ரயில் ஓட மட்டும் வழி கொடுத்ததாக இருந்தால், நிலம் பக்கத்து மனைக்காரர்களுடையது. இருபுறமும் வேறு வேறு ஆட்கள் என்றால், பெரும்பாலும் தடத்தின் நடுக்கோடுவரை அவரவருக்கு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வாசகங்களும் உண்டு. அவற்றுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்பு மாறும்.

வழி மட்டும்தான் என்றாலும் நிலம் உடனே கைக்கு வராது. 1983இல் வந்த சட்டத் திருத்தப்படி, ஒரு நகராட்சியோ அறக்கட்டளையோ வரி, பராமரிப்பு, விபத்துப் பொறுப்பு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால், தடத்தைப் பிற்கால ரயிலுக்காகச் சேமித்துவைத்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம். சட்டத்தின் கண்ணில் ரயில்வே அதைக் கைவிடவே இல்லை. 1990இல் வெர்மான்ட் மாநிலத் தம்பதி ஒருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்றது. ஆனால் அதே தம்பதியின் நிலத்தை எடுத்ததற்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதை ஊருக்கு நல்லதுதான். அதற்கான விலையைக் தடத்தோர மனைக்காரர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கேள்வி: இழப்பீடு கேட்கக் கெடு உண்டா? வீட்டை வாங்கி 2 வருடம்தான் ஆகிறது.

பதில்: உண்டு, 6 ஆண்டு. பாதை திறந்த நாளிலிருந்து எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். ரயில்வேக்களை மேற்பார்க்கும் கூட்டாட்சி அமைப்பான தரைப் போக்குவரத்து வாரியம் இடைக்காலப் பாதை அறிவிப்பு வெளியிட்ட நாளிலிருந்தே கணக்கு ஓடும். ரயில்வேயும் பாதை நடத்துபவரும் அதற்குப் பிறகுதான் பேசி முடிப்பார்கள். அறிவிப்பு வந்த நாளில் மனை யார் பெயரில் இருந்ததோ அவருக்கே இழப்பீடு. நீங்கள் வாங்கியது அதற்குப் பிறகென்றால் உரிமை விற்றவருடையது. வாரியத்தின் இணையதளத்தில் 'ஏபி' எனத் தொடங்கும் வழக்கு எண்ணை வைத்துத் தேதியைப் பாருங்கள்.

தொகையை எடைபோட ஒரு கணக்கு: தடம் 100 அடி அகலம், உங்கள் பாதி 50 அடி, மனையின் நீளம் 660 அடி என்றால் 33,000 சதுர அடி, அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல். பாதை இருந்தால் மனை என்ன விலை, இல்லாவிட்டால் என்ன விலை என்ற வித்தியாசத்தை மதிப்பீட்டாளர் கணிப்பார். வழக்கு வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் நடக்கும். வென்றால் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் அரசே தரும். ஆகவே வக்கீலின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்தப் பணம் அவருடைய சதவீதத்தில் கழிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அதுவரை வேலி போட்டு மறிக்கலாமா?

பதில்: கூடாது. தடம் இன்னும் வாரியத்தின் அதிகாரத்தில்தான் இருக்கிறது. டிராக்டர் போகப் பழைய குறுக்கு வழி இருந்தால், பாதை நடத்துபவரிடம் அதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிடக்கும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளைக் காய்கறிப் பாத்திக்கு எடுக்காதீர்கள், அவற்றில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும்.