இத்தனை போர்களில் தோற்ற நான்காம் கிறிஸ்டியானை டென்மார்க் மக்கள் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

நியாயமான கேள்விதான். 11 வயது நிறையும் முன்பே, 1588-ல் அரசரான நான்காம் கிறிஸ்டியான், 1648 வரை ஏறக்குறைய 60 ஆண்டுகள் டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்டார். இளமையில் ஐரோப்பாவின் பணக்கார மன்னர்களில் ஒருவர். அவர் கண்மூடியபோது கிரீடமே ஹாம்பர்க்கில் அடகில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க, பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்கள் பெரும்பாலும் இன்றைய டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவிலுள்ள ஓரெசுண்ட் நீரிணை வழியேதான் போயின. அங்கே ஹெல்சிங்கோர் ஊரில், குரோன்போர்க் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் நங்கூரம் போட்டுச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் நகர முடிந்தது. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு! குறைத்துச் சொன்னால் நஷ்டம் சொன்னவருக்கு. அபாரமான ஏற்பாடு இது. முக்கியமான விஷயம், இந்த வருமானம் நேராக மன்னரின் சொந்தக் கஜானாவுக்குப் போனது. வரி போட வேண்டுமானால் பிரபுக்கள் குழுவின் சம்மதம் வேண்டும். இந்தப் பணத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1611-13 கல்மார் போரில் ஸ்வீடனை வென்று 10 லட்சம் ரிக்ஸ்டாலர் (அக்கால வெள்ளி நாணயம்) ஈட்டுத்தொகையும் வாங்கினார். கை நிறையப் பணம். அதை வைத்து அவர் கட்டியவைதான் இன்றும் நிற்கின்றன: ரோசன்போர்க் அரண்மனை, கடற்படையினருக்கான நைபோடர் குடியிருப்பு, எரிந்துபோன ஆஸ்லோவுக்குப் பதிலாக 1624-ல் எழுப்பிய கிறிஸ்டியானியா நகரம். எனக்கு மிகவும் பிடித்தது கோபன்ஹேகனின் வட்டக் கோபுரம். மாணவர்களுக்கான தேவாலயம், பல்கலைக்கழக நூலகம், வானாய்வுக்கூடம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த கட்டடம். உள்ளே கிட்டத்தட்ட உச்சிவரை படிக்கட்டே இல்லை, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம்தான்.

நம்மூர்த் தொடர்பும் இங்கேதான் வருகிறது. 1616-ல் அவர் அனுமதி கொடுத்துத் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், ஓவே கெட்டே தலைமையில் முதலில் இலங்கைக்குப் போயின. அங்கே காரியம் கைகூடவில்லை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கிறிஸ்டியானுக்கு நாயக்கர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நான் இந்த மன்னரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததே தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்த பிறகுதான்.

சரி, எங்கே சறுக்கினார்? 1625-ல், ஜெர்மன் நிலங்களில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிக்கொண்டிருந்த முப்பதாண்டுப் போரில் புராட்டஸ்டன்ட் பக்கம் இறங்க ஆசைப்பட்டார். பிரபுக்கள் குழு வேண்டாம் என்றது. டென்மார்க் மன்னராகத்தானே கூடாது, வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பிரபுவாக, என் சொந்தக் காசில் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். 1626-ல் லுட்டர் என்ற ஊரில் கத்தோலிக்கப் படைத்தளபதி டில்லியிடம் படுதோல்வி. அடுத்த ஆண்டு பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைனின் படை டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பம் முழுவதையும் பிடித்து, 1629 லூபெக் உடன்படிக்கை வரை அங்கேயே உட்கார்ந்து சூறையாடியது. அதை அனுபவித்தவர்கள் குடியானவர்கள். என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. 1617-ல் அவர் போட்ட சூனியக்காரர் சட்டத்தால் உயிரோடு எரிக்கப்பட்ட பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் காலியான கஜானாவை நிரப்பச் சுங்கத்தை ஏற்றினார். அதில் அடி வாங்கியவர்கள் டச்சு வணிகர்கள். 1643-ல் ஸ்வீடன் திடீரென்று படையெடுத்தபோது டச்சுக் கப்பல்கள் ஸ்வீடன் பக்கம் நின்றன.

ஆனாலும் அவரைக் கொண்டாட வைத்தது இந்தப் போர்தான். 1644 ஜூலை, கோல்பெர்கர் ஹைடே கடற்போர். 67 வயது மன்னர் 'டிரெஃபோல்டிக்ஹெடன்' கப்பலின் மேல்தளத்தில் நின்றிருந்தார். குண்டு விழுந்து சிதறிய துண்டுகள் முகத்தில் பாய்ந்து வலது கண் போயிற்று. செத்தே போனார் என்று சுற்றியிருந்தவர்கள் நினைக்க, எழுந்து நின்று சண்டையை நடத்தினார். டென்மார்க்கின் அரச கீதம் பாய்மரத்தருகே நிற்கும் அந்தக் கிறிஸ்டியானைத்தான் பாடுகிறது. அன்று அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த உடைகள் ரோசன்போர்க்கில் இருக்கின்றன. முகத்திலிருந்து எடுத்த துண்டுகளைத் தங்கத்தில் பதித்துக் காதணியாகவும் செய்து வைத்திருக்கிறார்கள்.

அன்றைய சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. அக்டோபரில் பெமர்ன் அருகே டேனியக் கடற்படை நொறுங்கியது. 1645 புரொம்செப்ரோ உடன்படிக்கையில் கோட்லாந்து, ஓசல் தீவுகளும் யெம்ட்லாந்து, ஹெர்யெடாலன் பகுதிகளும் ஸ்வீடனுக்குப் போயின. ஹாலாந்து மாகாணம் (டச்சுக்காரர்களின் ஹாலந்து அல்ல) 30 ஆண்டுகளுக்குப் பிணையாகப் போனது. சுங்க வருமானமும் சரிந்தது.

பிரபுக்கள் குழு இதை மறக்கவில்லை. 1648-ல் அவர் மகன் மூன்றாம் பிரெடரிக்கை அரசராக ஏற்கும் முன், கைகளைக் கட்டிப்போடும் கடுமையான உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டது. 1660-ல் அதே மகன் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கி முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டது தனிக்கதை. அதை யாராவது கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன்.