தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வேலைப் படிவத்தில் 'இனம்': எதைக் குறிப்பது?

'இந்தியன்' என்றே குறியுங்கள். ஆனால் கூடவே 'வெளிநாட்டவரா?' என்று கேட்டிருக்கும். சென்னையிலிருந்து பணி விசாவில் போயிருக்கும் நீங்கள் அதற்கு 'ஆம்' போட மறக்க வேண்டாம்.

"நிறவெறி ஒழிந்த நாட்டில் இன்னும் ஏன் இந்தக் கேள்வி?" என்று கேட்டிருந்தீர்கள். இனம் பிரித்துப் பதிந்த 1950 சட்டம் 1991-லேயே ரத்தாகிவிட்டது. அந்தக் காலத்தில் தலைமுடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கூட இனத்தை முடிவு செய்திருக்கிறார்கள்! இப்போது கேட்பது பெரும்பாலும், நிறவெறியால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேலையில் முன்னுரிமை தரும் 1998-ஆம் ஆண்டு வேலைச் சமத்துவச் சட்டத்துக்காக.

படிவத்தில் 'இஇஏ1' (EEA1, அந்தச் சட்டத்தின்படி ஊழியர் தன் விவரம் தரும் படிவம்) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எதற்கு என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்தச் சட்டத்தின் முன்னுரிமை உள்ளூர் இந்தியர்களுக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்களில் பலர். "நாமெல்லாம் ஒரே ஊர்தானே" என்று மட்டும் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.